இரண்டு கிழமைச் சம்பளமும் மாத வாடகையும்

தம்பி, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து வேலையும் எடுத்துவிட்டீர். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, ஊருக்கும் அனுப்ப வேண்டும், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர். செலவைக் குறைப்பது பிறகு. முதலில் நாட்காட்டியை எடுத்துப் பாரும்.

இங்கே பல வேலைகளில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளம். வாடகையோ முதலாம் தேதி. வருடத்துக்கு 26 சம்பளம் என்பதால் பத்து மாதங்களில் இரண்டும், மற்ற இரண்டு மாதங்களில் மூன்றும் விழும். குடும்பச் செலவை இரண்டு சம்பளத்துக்குள் நடத்தும். மூன்று வரும் மாதங்களை இப்போதே வட்டமிட்டு வையும். அந்த மேலதிகக் காசு குளிர் அங்கிக்கும் வேலை இல்லாத கிழமைகளுக்கும் உரியது. மாதத்தின் இரண்டாவது சம்பளம் வந்த அன்றே அடுத்த வாடகையை வேறு கணக்குக்கு மாற்றிவிடும்.

கைக்கு வரும் தொகையை மட்டும் கொப்பியில் எழுதும். மணித்தியாலத்துக்கு 18 டொலர் என்றால் இரண்டு கிழமைக்கு 1,440 என்று மனம் கணக்குப் போடும். வருமான வரி, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்புறுதி எல்லாம் கழிந்த மிச்சம்தான் உம்முடையது. கடையிலும் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் ஒன்ராறியோவில் 13 வீத வரி உண்டு. அரிசி, மா, மரக்கறி, மீனுக்கு அது இல்லை. வேலை முடிந்து வாங்கும் கொத்துரொட்டிக்கு இருக்கிறது. (அதை விடச் சொல்லவில்லை. தை மாதக் குளிரில் அது மருந்து.)

ஊருக்கு அனுப்புவதுதான் பலரையும் விழுத்துவது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அனுப்பினால் எந்தக் கணக்கும் நிற்காது. வாடகையைப் போல அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கி, அதை அம்மாவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடும். அம்மா விளங்கிக்கொள்வார். சித்தப்பா கோபிப்பார், கோபிக்கட்டும். பொங்கல், நல்லூர்த் திருவிழா, அம்மம்மாவின் திவசம் எல்லாம் எந்த மாதத்தில் வரும் என்று உமக்கே தெரியும். அவற்றைத் திடீர்ச் செலவு என்று சொல்ல முடியாது, ஆறு மாதம் முன்பே சிறிது சிறிதாக ஒதுக்கலாம். அனுப்புவதையும் மாதத்தில் ஒரே முறையாக வைத்துக்கொண்டால் கட்டணம் மிச்சம். கட்டணமே இல்லை என்பவர்கள் நாணய மாற்று வீதத்தில் எடுத்துக்கொள்வதுண்டு. ஆகையால் எங்கே போனாலும் ஒரு கேள்வி போதும்: 200 டொலர் கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் எத்தனை ரூபாய் கைக்குச் சேரும்?

கடனட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் வருட வட்டி பெரும்பாலும் 20 வீதத்தை ஒட்டி ஓடும். அட்டையில் காசாக எடுத்து ஊருக்கு அனுப்பவே வேண்டாம். அதற்கு அன்றே வட்டி தொடங்கும்.

வேலையிடத்தில் யாராவது சீட்டுப் பிடிக்க, அதாவது மாதாமாதம் காசு போட்டு முறைவைத்து எடுக்க, கூப்பிடுவார்கள். மூன்று மாத வாடகை கையிருப்பில் சேரும்வரை மறுத்துவிடும் என்பேன். வருமானம் குறைவென்றாலும் வரிப் பத்திரத்தை ஏப்ரல் 30க்குள் கொடுத்துவிடும். குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவுகளை அதை வைத்தே கணிக்கிறார்கள்.