பள்ளி மாணவர்களுக்குச் செயல்திட்டம் தீட்டவும் இலக்கு வகுக்கவும் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு பழகித் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். முதலில் கற்றுத்தர வேண்டியது அட்டவணை போடுவதை அன்று, "வேலை முடிந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வாய்?" என்ற கேள்விக்கு விடை தேடும் பழக்கத்தை.

ஒரு குழு மூக்கனேரியை எடுத்துக்கொண்டது. 2010இல் ஊர் மக்கள் கைகோத்துச் சீரமைக்கத் தொடங்கி, நடுவே மண் திட்டுகள் எழுப்பி மரம் நட்ட ஏரி அது. பிள்ளைகள் நடந்தே போய்விடலாம். நோட்டின் முதல் பக்கத்தில் "ஏரியைப் பாதுகாப்போம்" என்று இலக்கு எழுதியிருந்தார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் சனிக்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது என்பதை அந்த வரி சொல்லவில்லை. நான் திருத்தாமல் அதே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்டேன். மூன்றாம் முறை ஒரு மாணவி பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: "எட்டுச் சனிக்கிழமைகள், காலை 6.30 முதல் 7.30 வரை, கரையில் ஒரே இடத்தில் நின்று நீர்க்காகம், நாமக்கோழி, கொக்கு மூன்றையும் எண்ணி எழுதுவோம்."

அதன் பிறகுதான் மாதக் காலண்டரை எடுக்க வேண்டும். அறிக்கையை ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வேன். வேலை நாள்களைக் குறிப்பதற்கு முன், வேலை நடக்காத நாள்களை அடிக்கச் சொல்வேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் வாரம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நாள் என ஒவ்வொன்றாக அடித்தபோது, அந்தக் குழுவுக்கு மிஞ்சியவை ஆறே சனிக்கிழமைகள். எட்டை ஆறாகக் குறைப்பதா, ஞாயிற்றுக்கிழமையும் போவதா என்று கால் மணி நேரம் வாதிட்டு, ஆறு போதும் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். திட்டமிடலில் அவர்கள் கற்ற பாடங்களில் அந்தக் கால் மணி நேரத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அறிக்கை எழுத எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "ஒரே நாள், சார்" என்பார்கள். எல்லாம் தடையின்றி நடக்கும் என்று கற்பனை செய்து நாளைக் குறைத்துக் கணக்கிடும் இந்த இயல்பை டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலாளர்கள் 1979இலேயே விளக்கியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் உள்ள குறை இது என்பதால் கடிந்துகொள்வதில் பயனில்லை. சென்ற ஆண்டு அறிக்கைக்கு எத்தனை நாள் ஆனது, பிரவுசிங் சென்டரில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டு, அந்தக் கணக்கையே எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் திட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். தேதி மாறினால் பழையதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதிய தேதியையும் காரணத்தையும் எழுத வேண்டும். அப்படித் திருத்திய திட்டத்துக்கு நான் மதிப்பெண் தருகிறேன். தவறிய நாளுக்குத் திட்டு விழும் என்று அஞ்சும் பிள்ளை, வெற்றுக் கட்டத்தில் ஏதாவதோர் எண்ணை எழுதி நிரப்பிவிடும். நான்காம் சனிக்கிழமை மழை கொட்டியது. அந்த மாணவி நோட்டை மார்போடு அணைத்தபடி தயங்கி நின்றாள். "நடந்ததை எழுதும்மா" என்றேன். "மழை. எண்ணவில்லை" என்று எழுதினாள். இறுதி அறிக்கையின் அட்டவணையிலும் அந்தக் கட்டம் அப்படியேதான் இருந்தது.