வாசகர் கேள்வி–பதில்: கூரைமேல் ஓடும் குழாய்களை எங்கே இறுக்குவது, எங்கே விடுவது?

மொட்டைமாடியிலும் தகரக் கூரையிலும் குழாய்களைத் தாங்குவது, பிடிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தொட்டியிலிருந்து மறுகோடி வரை ஒரு அங்குல பிவிசி குழாய் 12 மீட்டர் நேராக ஓடுகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் கிளாம்ப் போட்டு நன்றாக முறுக்கியிருக்கிறோம். அப்படியும் கடைசி எல்போ (குழாய் திரும்பும் மூட்டு) கசிகிறது. புதிது மாற்றினாலும் சில மாதங்களில் அதே கதை. பசை சரியில்லையா?

பதில்: பசைமேல் பழி போட வேண்டாம். நன்றாக முறுக்கியதுதான் தவறு.

பிவிசி குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். விடியற்காலையில் 22 டிகிரியில் இருந்த குழாய், தண்ணீர் ஓடாமல் வெயிலில் கிடந்தால் நடுப்பகலில் 60 டிகிரியைத் தொடும். வித்தியாசம் 38 டிகிரி. 12 × 0.07 × 38 என்று பெருக்கினால் சுமார் 32 மி.மீ. அதாவது உங்கள் குழாய் தினமும் ஒன்றேகால் அங்குலம் நீண்டு, இரவில் அதே அளவு சுருங்குகிறது. அதே நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் ஐந்தரை மி.மீ.தான் நகரும், செம்பு எட்டு மி.மீ.க்குள் நிற்கும். ஜிஐ காலத்துப் பழக்கத்தில் பிளாஸ்டிக் குழாயையும் இறுக்கிக் கட்டுவதால் வரும் வினை இது.

எல்லாக் கிளாம்பும் விடாப்பிடியாக நின்றால், குழாய் இரண்டு கிளாம்புக்கு நடுவே வில்லாக வளையும். ஒன்றிரண்டு வழுக்கினால் அந்த நீளம் முழுவதும் கடைசி எல்போவைத் தள்ளும். இரவில் பிடித்து இழுக்கும். ஒட்டிய மூட்டு அழுத்தத்தைத் தாங்குமே தவிர, நாள்தோறும் வளைவதைத் தாங்காது.

செய்ய வேண்டியது இது. குழாயின் நடுவில் ஒரே ஒரு இடத்தை மட்டும் நிலையாக வையுங்கள். அங்கே ஒரு சாக்கெட் (இரண்டு குழாய்த் துண்டுகளை நேராக இணைக்கும் மூட்டு) இருந்தால் வசதி: அதன் இரண்டு தோள்களையும் ஒட்டினாற்போல் பக்கத்துக்கொரு கிளாம்ப் போட்டால், குழாயை நசுக்காமலே அது நகராது. மற்ற கிளாம்புகளில் குழாயைச் சுற்றி ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விடுங்கள். கையால் தள்ளினால் குழாய் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும்; மேலே எழும்பக் கூடாது. இப்போது 32 மி.மீ. இரண்டு பக்கமும் 16, 16 ஆகப் பிரிந்துவிடும்.

அடுத்தது எல்போ. திரும்பியபின் வரும் துண்டில் உடனே கிளாம்ப் போட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். எல்போவிலிருந்து அடுத்த கிளாம்ப் 60 செ.மீ.க்குக் குறையவே கூடாது. ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் நிம்மதி. அந்தத் துண்டுதான் வளைந்து கொடுத்து நகர்வை வாங்கிக்கொள்கிறது. இடையில் எடை விழாதபடி, பிடிக்காமல் வெறுமனே தாங்கும் ஒரு கட்டை வைக்கலாம். எல்போவை ஒட்டி ஒரு சுவரோ தூணோ நின்றால், குழாய் நீளும் திசையில் குறைந்தது 25 மி.மீ. காலி இடம் வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒரு சுற்றுப் பெரிய குழாய்த் துண்டை உறையாக வைத்து அதற்குள் விடுங்கள். சிமென்ட் வைத்து அடைத்தால் அது நீங்கள் கேட்காத இன்னொரு நிலைப்புள்ளி ஆகிவிடும்.

புதிய எல்போவைக் காலையிலோ மாலையிலோ ஒட்டுங்கள். கொதிக்கும் குழாயில் தடவிய சால்வென்ட் பசை, செருகுவதற்குள் காய்ந்துவிடும்.

கேள்வி: எத்தனை அடிக்கு ஒரு தாங்கி வைக்க வேண்டும்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

பதில்: குழாய் எதனால் ஆனது என்று கேட்காமல் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். பிவிசிக்கு நிழலில் 1.2 மீட்டர் போதும். வெயில் விழும் கூரையில் 90 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிவிசி வகை) ஒரு அங்குலம் வரை 90 செ.மீ., அதற்கு மேல் 1.2 மீட்டர். செம்பு ஒன்றேகால் அங்குலம் வரை 1.8 மீட்டர், பெரிதானால் 3 மீட்டர். ஜிஐ ஒரு அங்குலத்துக்கு 2 மீட்டர், இரண்டு அங்குலத்துக்கு 3 மீட்டர். கருப்பு ஹெச்டிபிஇ (வளையும் பாலிஎத்திலீன் குழாய்) வெயிலில் பாம்பாக நெளியும். அதற்கு இடைவெளிக் கணக்கே பார்க்க வேண்டாம், கோண இரும்பிலோ கேபிள் டிரேயிலோ முழு நீளமும் கிடத்திவிடுங்கள்.

வால்வு, யூனியன் (கழற்றிப் பூட்டும் இணைப்பு), மீட்டர் போன்ற கனமான பொருள்களுக்கு இரு பக்கமும் தனித் தாங்கி. இது இல்லாததால்தான் பித்தளை வால்வை ஒட்டிய பிளாஸ்டிக் மரை அடாப்டர் கீறல் விடுகிறது. ஒவ்வொரு முறை கைப்பிடியைத் திருகும்போதும் அந்த முறுக்கு அடாப்டருக்குத்தான் போகிறது.

தொய்வு வெறும் அழகுக் குறைவு என்று விட்டுவிடாதீர்கள். தொய்ந்த பள்ளத்தில் வண்டல் தங்கும், மேட்டில் காற்று அடைக்கும். தொட்டியிலிருந்து சொந்த எடையில் இறங்கும் தண்ணீருக்கு அந்தக் காற்றைத் தள்ளும் வலு கிடையாது. தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் சொட்டு வராததற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: புதிதாக வாட்டர்ப்ரூஃபிங் ஷீட் ஒட்டிய தளம். துளை போட மனமில்லை. செங்கல் வைத்து அதன்மேல் குழாயைக் கிடத்தலாமா? மரக்கட்டை வைக்கலாமா?

பதில்: துளை போடாதது சரி. செங்கல்லும் மரக்கட்டையும் சரியல்ல.

செங்கல்லின் விளிம்பு கூர்மை. குழாய் நீண்டு சுருங்கும்போது செங்கல்லும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு, ஷீட்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். மரக்கட்டை அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்து உளுக்கும், வெயிலில் பிளக்கும். அடித்த ஆணி கழன்று, குழாய் பிடிப்பில்லாமல் நிற்கும். சில கட்டைகளில் எண்ணெய் கலந்த பாதுகாப்புப் பூச்சு இருக்கும். உங்கள் ஷீட் இபிடிஎம் ரப்பராக இருந்தால் எண்ணெய் பட்டாலே உப்பிப்போகும்.

வைக்க வேண்டியது அகலமான அடிப்பாகம் உள்ள தாங்கி. கடையில் வரும் ரப்பர் கட்டையோ பிளாஸ்டிக் கட்டையோ வாங்கலாம்; மேலே சேனல் (கிளாம்ப் பூட்டும் உலோகப் பள்ளப் பட்டை) பதித்த வகை கிடைத்தால் கிளாம்ப் போட எளிது. இல்லையென்றால் நீங்களே கான்கிரீட்டில் வார்க்கலாம். 30 × 30 செ.மீ., உயரம் 10 செ.மீ. வார்த்தால் ஒன்று ஏறக்குறைய 21 கிலோ வரும். வார்க்கும்போதே நடுவில் சேனல் துண்டையோ 10 மி.மீ. மரைக் கம்பியையோ நிறுத்திவிடுங்கள். கீழ் விளிம்புகளைச் சரித்து மழுக்குங்கள்.

கட்டைக்கும் தளத்துக்கும் நடுவே கட்டையைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. பெரிதாக ஒரு விரிப்பு அவசியம். அது எதனால் ஆனது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிவிசி ஷீட்மேல் தார் கலந்த விரிப்பு வைத்தால் ஷீட் கெட்டுப்போகும். ஷீட் எதுவோ அதே பொருளின் துண்டை வெட்டிப் போடுவதுதான் வம்பில்லாத வழி. விரிப்பைப் போடுமுன் தரையைப் பெருக்குங்கள். சிக்கிய ஒரு கல் போதும் ஓட்டை விழ.

அகலம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. நான்கு அங்குல இரும்புக் குழாய், உள்ளே தண்ணீரோடு மீட்டருக்கு 20 கிலோ. மூன்று மீட்டருக்கு ஒரு தாங்கி என்றால் ஒவ்வொன்றின் மேலும் 60 கிலோ. அது 10 × 10 செ.மீ. கட்டையில் இறங்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ, 30 × 30 கட்டையில் 0.07 கிலோகூட இல்லை. கான்கிரீட் தளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஷீட்டுக்கு அடியில் வெப்பத்தடை ஃபோம் போட்டிருந்தால் முதல் கட்டை நாளடைவில் குழி பறிக்கும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

குழாயின் அடி, தளத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், துடைப்பம் நுழைய வேண்டும், கசிந்தால் கண்ணில் பட வேண்டும். நீர் வடியும் வாயைச் சுற்றி கட்டை வைக்காதீர்கள். வாட்டம் எந்தப் பக்கமோ அந்த ஓட்டத்தை மறிக்காமல் நிறுத்துங்கள்.

கேள்வி: போன சூறைக்காற்றில் 110 மி.மீ. காற்றுப்போக்கிக் குழாய், வைத்திருந்த கட்டையோடு உருண்டு கைப்பிடிச்சுவரில் மோதியது. இன்னும் கனமான கட்டை வைத்தால் நிற்குமா?

பதில்: கனத்தை மட்டும் நம்பினால் நிற்காது. மணிக்கு 144 கி.மீ. காற்று, அந்தக் குழாயின் ஒவ்வொரு மீட்டரையும் கிட்டத்தட்ட 13 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளும். காலிக் குழாயின் எடை மீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோதான். கட்டைக்கும் தளத்துக்கும் உள்ள உராய்வு எடையில் பாதி என்று வைத்தால், மீட்டருக்கு 25 கிலோ கட்டினால்தான் சரிக்குச் சரி. பத்திரம் என்றால் இரட்டிப்பு. கூரையின் மூலைகளிலும் ஓரங்களிலும் காற்று சுழன்று மேல்நோக்கி உறிஞ்சுவதால் அங்கே அதுவும் போதாது.

ஆகவே குழாயைக் கட்டடத்தோடு இணைத்தே ஆக வேண்டும். தளத்தைத் தொடாமல், கைப்பிடிச்சுவரின் உள்முகத்தில் பிராக்கெட் அடியுங்கள். சுவரின் உச்சியில் துளை போடாதீர்கள். மழை நேராக இறங்கும் இடம் அது. தளத்துக்கும் சுவருக்கும் சேரும் மூலையிலிருந்து வாட்டர்ப்ரூஃபிங் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதற்கு மேலே துளையிடுங்கள். சுவர் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளியே போல்ட் வர வேண்டும். ஹாலோ பிளாக்கிலும் பழைய செங்கல்லிலும் விரியும் ஆங்கர் போல்ட் கல்லைப் பிளந்துவிடும். அங்கே வலைக்குழலோடு கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் ரசாயனப் பசையால் ஒட்டும் போல்ட்) போடுவதே சரி. துளையில் இருக்கும் தூளை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதுங்கள். தூள்மேல் ஒட்டிய ரசாயனம் தூளைத்தான் பிடித்திருக்கும். துளையை மேல்நோக்கி லேசாகச் சாய்த்துப் போட்டால் தண்ணீர் உள்ளே ஓடாது.

சுவர் எட்டாத நடுப்பகுதிக்கு, அடுத்த முறை வாட்டர்ப்ரூஃபிங் செய்வதற்கு முன்பே கான்கிரீட் பீடங்களைத் தளத்தோடு வார்த்து, ஷீட்டை அதன்மேல் ஏற்றி மூடிவிடுங்கள். பின்னால் எந்தப் போல்ட்டும் பீடத்தின் தலையில்தான் இறங்கும், தளத்தில் அல்ல.

கேள்வி: எங்களுடையது தகரக் கூரை. செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போட்டுக் குழாயைப் பிடிக்கலாமா?

பதில்: ஷீட்டின் பள்ளத்தில் ஒருபோதும் வேண்டாம், மழைநீர் ஓடும் வழி அது. மேட்டில், அதுவும் கீழே பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கும் வரிசையில், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூவாகப் போடுங்கள். ஷீட்டை மட்டும் பிடித்த ஸ்க்ரூ காற்றில் ஆடி ஓட்டையை நீளமாக்கிவிடும். ஷீட்டுகள் நிமிர்ந்த மடிப்பால் இணைந்த கூரையானால் மடிப்பைக் கவ்வும் கிளாம்ப் இருக்கிறது, துளையே தேவையில்லை.

துத்தநாகமும் அலுமினியமும் பூசிய ஷீட்டில் செம்புக் குழாய் நேரடியாகப் படக் கூடாது. செம்பில் வழிந்த தண்ணீர்கூட அந்தப் பூச்சை அரிக்கும். அதனால் ஏசியின் வடிநீரையும் கூரைமேல் சொட்டவிடாமல் தனிக் குழாயில், 100க்கு 1 வாட்டத்தில், வடிகால் வரை கொண்டுபோங்கள்.

கேள்வி: மோட்டாரை நிறுத்தியதும் மாடிக் குழாய் தடாலென்று துள்ளுகிறது. கிளாம்பை இறுக்கலாமா?

பதில்: இறுக்கினால் சத்தம் அடங்கும், அடி அடங்காது. மோட்டார் நின்றதும் மேலேறிய தண்ணீர் திரும்பி இறங்க, திறந்திருந்த என்ஆர்வி (தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு) தாமதமாக அறைந்து மூடுகிறது. தண்ணீர் திரும்புமுன்பே ஸ்பிரிங் தள்ளி மூடும் வகை என்ஆர்வியாக மாற்றுங்கள். கூடவே எல்போவுக்கு அருகில், நீளவாட்டில் வழுக்கவிட்டு மேலே மட்டும் எழும்பவிடாத ஒரு தளர்ந்த கிளாம்ப் போடலாம். எல்போ திரும்பியபின் வரும் துண்டில், முதல் பதிலில் சொன்ன 60 செ.மீ. இடைவெளி அப்படியே இருக்க வேண்டும்.

கேள்வி: சோலார் ஹீட்டரிலிருந்து வரும் சிபிவிசி குழாயில், ரப்பர் பட்டை வைத்த கிளாம்ப் போட்ட இடங்களில் மட்டும் மயிரிழைக் கீறல்கள். ஏன்?

பதில்: அந்தப் பட்டையைத்தான் முதலில் சந்தேகிப்போம். வளையும் பிவிசியிலும் சில ரப்பர்களிலும் கலக்கும் மென்மையூட்டி, சூட்டில் கசிந்து சிபிவிசிக்குள் ஏறும். இறுக்கமும் சேர்ந்தால் கீறல் விழும். சிபிவிசிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட பட்டையையோ, பட்டையே இல்லாத மழுங்கிய பிளாஸ்டிக் கிளாம்பையோ போடுங்கள். கீறல் கண்ட துண்டுகளை வெட்டி மாற்றிவிடுங்கள், மேலே பசை பூசிப் பயனில்லை. ஹீட்டரை ஒட்டிய முதல் சில மீட்டர் உலோகக் குழாயாக இருப்பது நல்லது.

வெப்ப உறை சுற்றிய குழாயில் கிளாம்ப் உறையை நசுக்காமல் இருக்க, கீழே அரைவட்டமாக வளைத்த தகடு 20 செ.மீ. நீளத்தில் வையுங்கள்.

கேள்வி: கேபிள் டை போதாதா? பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வெள்ளை நைலான் டை வெயிலில் நொறுங்கும். கருப்பு டை சற்று உழைக்கும், அதுவும் தற்காலிகம்தான். கட்டுக்கம்பி குழாயை அறுக்கும்.

வெளிர்நிற அக்ரிலிக் பெயின்ட், தண்ணீரில் கரையும் வகையாக இரண்டு கோட் அடித்தால் பிவிசி வெளுத்து நொறுங்குவது குறையும், சூடும் குறையும். தின்னர் கலந்த பெயின்ட் வேண்டாம். கிளாம்புக்குள் இருக்கும் பகுதியில் பெயின்ட் ஒட்டி இறுகினால் குழாய் வழுக்காது. அங்கே முதலில் கழற்றி, அடித்து, நன்றாகக் காய்ந்தபின் திரும்பப் போடுங்கள்.