அமெரிக்காவின் டீப் ரிவர் ஊரில் யானைச் சிலை ஏன் இருக்கிறது?

கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள இந்தச் சிற்றூரின் நகர மன்றம் அருகே யானைச் சிலை ஒன்று நிற்கிறது. அது ஊரை வாழவைத்த தந்தத் தொழிலின் நினைவுச்சின்னம். ஆப்பிரிக்கத் தந்தம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபார் வழியாக இங்கே வந்து பியானோ கட்டைகளானது. பக்கத்து ஊரின் பெயரே ஐவரிட்டன், அதாவது தந்த ஊர்.

கட்டை முழுவதும் தந்தம் அல்ல. மரக்கட்டையின் மேல் ஒட்டும் மெல்லிய தகடுதான் தந்தம். ஒரு வெள்ளைக் கட்டைக்கு அகலமான தலைத்துண்டு, ஒடுங்கிய வால்துண்டு என இரண்டு. பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகள், ஆக 104 துண்டுகள். அறுத்த தகடுகளைக் கண்ணாடிக் கூரைக் கொட்டகைகளில் வாரக்கணக்கில் வெயிலில் வைத்தார்கள். வெள்ளாவி வைத்த துணியை வெயிலில் காயப்போடுகிற அதே தத்துவம்: மஞ்சள் போய் வெளுக்கும். பியானோ மூடியை எப்போதும் மூடியே வைத்தால் தந்தம் மறுபடி மஞ்சளாகும், வெளிச்சம் படவேண்டும்.

ஆப்பிரிக்காவில் அந்தத் தந்தங்களைக் கடற்கரைவரை சுமந்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். சிலையைப் பார்க்கிறவர்கள் அதையும் நினைக்கவேண்டும்.

பழைய பியானோ என்றாலே தந்தம் என்று நினைப்பது தவறு. தலைத்துண்டும் வால்துண்டும் சேருமிடத்தில் மெல்லிய கோடு தெரிகிறதா, கூடவே நுண்ணிய ரேகைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.