பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாடல் கிட்: எதையும் 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் 1/24 அளவு (நிஜ வண்டியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட்களை வாங்கிச் செய்கிறேன். எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் கடைசியில் பொம்மை மாதிரியே நிற்கிறது. அதை நிஜ வண்டி மாதிரி கொண்டுவருவது எப்படி? நம் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்ய எங்கே தொடங்குவது?

இதுவரை பதினோரு கார் செய்திருக்கிறேன். முதல் நான்கும் பொம்மைதான். அலமாரியின் பின்வரிசையில் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் கேட்டால் அவற்றைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஐந்தாவது காரில் விஷயம் மாறியதற்குக் காரணம், எங்கள் தெருமுனையில் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யும் அண்ணன் ஒருவர். என்னுடைய ஜாகுவார் இ-டைப்பின் பாடியை எடுத்துக்கொண்டு போய், பெயின்ட் ஏன் இப்படிக் கொழகொழவென்று இருக்கிறது என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை கோட்டு அடிச்சே தம்பி?" ஆறு என்றேன். சிரித்துவிட்டார். "நெஜ வண்டிக்கே அவ்ளோ அடிக்க மாட்டோம். கதவுக் கோடே முங்கிப் போச்சு பாரு."

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிஜ காரின் மேல் பிரைமர் என்கிற அடிப்பூச்சிலிருந்து கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 0.1 மி.மீ.தான் இருக்கும். என் மாடலில் ஆறு கோட்டும் சேர்ந்து 0.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், 24-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5 மி.மீ. காருக்குச் சாந்து பூசியிருக்கிறேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவே நிஜத்தில் 4 மி.மீ. இடைவெளி என்றால் மாடலில் அது 0.17 மி.மீ. அது முங்காமல் என்ன செய்யும்?

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் 24-ஆல் பெருக்குவது பழக்கமாகிவிட்டது. உங்கள் மாடல் பொம்மையாகத் தெரிவதற்கான காரணத்தையும் பெரும்பாலும் அந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். மட்கார்டின் விளிம்பைப் பாருங்கள். பிளாஸ்டிக் 1 மி.மீ. தடிமன் என்றால் நிஜத்தில் 24 மி.மீ. இரும்புத் தகடு, பீரங்கி வண்டிக்குத்தான் அது பொருந்தும். வெளியே தெரிகிற விளிம்பை மட்டும் உள்பக்கத்திலிருந்து கட்டரால் சுரண்டி மெலிதாக்கினால் போதும், சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும்போதே தகடு மாதிரி தெரியும். கண்ணாடியும் அப்படித்தான். அதை மெலிதாக்க முடியாது. ஓரத்தின் வெட்டுமுகத்தில் கருப்பு மார்க்கரை ஓட்டிவிடுங்கள், தடிமன் மறைந்துவிடும். சீட் பெல்ட் பட்டை 2 மி.மீ. அகலத்துக்கு மேல் போகக் கூடாது. ஸ்பார்க் பிளக் வயருக்கு 0.3 மி.மீ. கம்பி. நான் முதலில் போட்டது பழைய சார்ஜர் வயரின் உள்ளே இருந்த ஒரு இழை, 1 மி.மீ. இருக்கும், என்ஜின் மேல் ஆறு தோட்டக் குழாய்கள் கிடந்த மாதிரி இருந்தது.

மெட்டாலிக் பெயின்டிலும் இதே கதை. நிஜ காருக்கான டச்-அப் வெள்ளி நிறத்தை ஒருமுறை மாடலுக்கு அடித்தேன். அதிலுள்ள மினுமினுப்புத் துகள் நிஜ காரின் அளவுக்கானது. மாடலில் அது சர்க்கரை தூவிய பன் மாதிரி வந்தது. மாடலுக்கென்றே விற்கிற வெள்ளியில் துகள் மிகப் பொடியாக இருக்கும். காசு கூடத்தான், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெயின்ட் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடியைப் பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவுங்கள். அச்சிலிருந்து கழற்றப் போடும் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். பிரைமருக்கு முன்பே, கதவு, பானட், டிக்கிக் கோடுகளைக் கீறும் ஊசியாலோ பழைய பிளேடின் முதுகாலோ ஒருமுறை ஆழப்படுத்துங்கள். அச்சு இணைந்த தடம் மட்கார்டின் மேல் மெல்லிய முகடாக ஓடும். அதைத் தேய்க்காமல் விட்டால் கிளியர் அடித்த பிறகுதான் கண்ணில் படும், அப்போது அழ வேண்டியதுதான். பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பிறகு மெல்லிய கோட்டுகள். முதல் பூச்சில் பிளாஸ்டிக்கின் நிறம் தெரியத்தான் செய்யும், பதறாதீர்கள். சிவப்பு பிளாஸ்டிக்கில் வந்த பாடிக்கு வெள்ளை அடிப்பதானால் யோசித்துச் செய்யுங்கள்: லாக்கர் என்கிற சீக்கிரம் காயும் பெயின்ட், அடியிலிருக்கும் சிவப்பை இழுத்து மேலே கொண்டுவரும், வெள்ளைக் கார் ரோஜாப்பூ நிறமாகிவிடும்.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படியும். கருப்புக் கார் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு பாடியை இப்படிக் கெடுத்திருக்கிறேன். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னர் ஓரளவு உதவும். அதைவிட நல்லது, மழை நாளில் பெயின்டைத் தொடாமல் டாஷ்போர்டு, சீட், சக்கரம் என்று உள்வேலையைப் பார்ப்பது. லாக்கர் நெடி நுரையீரலுக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்து, பெயின்ட், தின்னர் ஆவியை வடிகட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். துணி மாஸ்க் இதற்கு ஒன்றுக்கும் உதவாது.

இனி மாற்றிச் செய்வது. முதலில் ஒரு வண்டியைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். என்னுடைய வண்டி டட்சன் 240 இசட். ஜப்பானில் 1969-இல் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வந்தது. உள்ளூரில் 2000 சி.சி.க்கு மேல் போனால் வரி எகிறும் என்பதால் அங்கே முதலில் 2 லிட்டர் என்ஜின்தான், அமெரிக்காவுக்கு 2.4 லிட்டர். கூடவே இசட் 432 என்று ஒன்று. சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம் ஷாஃப்ட்: பெயரே என்ஜினின் ஜாதகம். 1971-இல் 240 இசட்ஜி வந்தது. மூக்கு நீண்டு, மட்கார்டுகளின் மேல் ரிவெட் அடித்த அகலப் பட்டைகள். சாதாரண இசட்டின் நீளம் 4115 மி.மீ., இசட்ஜி 4305. அந்த 190 மி.மீ. மாடலில் 8 மி.மீ.தான், ஆனால் மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு வண்டி. டமியா, ஹசேகாவா, ஃபுஜிமி மூவருமே இந்த வண்டிக்கு கிட் போட்டிருக்கிறார்கள். (மூவருமே ஜப்பானின் ஷிசுவோகா பக்கம். அதில் டமியா 1946-இல் மரக்கடையாக ஆரம்பித்த கம்பெனி.)

இந்த விவரமெல்லாம் எதற்கென்றால், எதை மாற்றினால் பொருந்தும் என்பது அப்போதுதான் தெரியும். என் முதல் மாற்றம் சக்கரம். இசட் கார்களுக்கு ஜப்பானில் வாடிக்கையாகப் போடுவது வதனாபே என்கிற எட்டு ஆரக் கால் வீல். அயோஷிமா போன்றவர்கள் அதை 1/24 அளவில் டயரோடு தனியாக விற்கிறார்கள். வண்டியைக் கொஞ்சம் கீழே இறக்கவும் ஆசை. 3 மி.மீ. இறக்கினேன். மாடலில் அது ஒன்றுமில்லை என்று தோன்றும். பெருக்கினால் 72 மி.மீ. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் இடித்தது. நிஜத்தில் அந்த வண்டி எங்கள் தெரு வேகத்தடையையே தாண்டாது. திரும்ப ஏற்றி 1.5 மி.மீ.யில் நிறுத்தினேன். வேறு எதையுமே தொடாமல் இதை மட்டும் சரியாகச் செய்தாலே பாதி பொம்மைத்தனம் போய்விடும். கிட்களில் வண்டி பெரும்பாலும் கொஞ்சம் தூக்கலாகத்தான் நிற்கும். பெட்டியில் வருகிற குரோம் பாகங்களும் கண்ணைக் குத்தும். பிளீச் திரவத்தில் ஊறவைத்தால் குரோம் கழன்றுவிடும். பளபளக்கும் கருப்பு அடித்து, அதன் மேல் மெலிதாக அலுமினிய நிறம் ஊதுங்கள். கண்ணாடிகளை மட்டும் சூப்பர் க்ளூவால் ஒட்டவே ஒட்டாதீர்கள், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பனி பிடித்துவிடும். அதற்கு ஃபெவிகால்தான்.

இரண்டாவது இசட்டை ராலி (கரடுமுரடான பாதையில் நெடுந்தூரப் பந்தயம்) வண்டியாக மாற்றினேன். காரணம் சேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஐந்து முறை வென்றவர். 1971-இல் 240 இசட்டில் எட்கர் ஹெர்மன் முதலாவது வந்தார், மேத்தா இரண்டாவது. 1973-இல் அதே 240 இசட்டில் மேத்தாவே வென்றார், அதுவும் இன்னொரு டட்சனோடு புள்ளிகள் சமமாகி நூலிழையில். கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது.

சிவப்பு பாடி, மேட் கருப்பு பானட். கருப்பு அழகுக்கு அல்ல. வெயில் பட்டு ஓட்டுநர் கண் கூசாமல் இருக்க. அதனால் அதில் துளிகூடப் பளபளப்பு இருக்கக் கூடாது. கிளியர் அடிக்கும்போது பானட்டைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டேன். முன்னால் கூடுதல் விளக்குகள். மாத்திரை அட்டையின் தெளிவான பிளாஸ்டிக்கை வட்டமாகக் குத்தி எடுத்து லென்ஸ் ஆக்கினேன்.

பிறகு சேறு. இங்கேதான் நான் பெரிய புத்திசாலி என்று நினைத்து வழுக்கி விழுந்தேன். அந்த ராலி ஓடும் கென்யாவிலும் செம்மண், ஊரில் எங்கள் கொல்லையிலும் செம்மண். ஒரு டப்பா அள்ளி வந்து சலித்து, கோந்தில் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் பார்த்தால் வண்டி ஜல்லி லாரிக்கு அடியில் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. கணக்கை மறந்துவிட்டேன். 0.2 மி.மீ. மணல் துகள் 24-ஆல் பெருக்கினால் 5 மி.மீ. கல். நிஜ மண்ணே மாடலில் நிஜ மண்ணாகத் தெரியாது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு, செங்கல் நிறச் சாக்பீஸ்களை (வரைவதற்கு விற்கிற பேஸ்டல் சாக்பீஸ்) உப்புத்தாளில் உரசி மாவாக்கி, தூரிகையால் தட்டித் தட்டி ஏற்றினேன். அதையும் வண்டி முழுக்கச் சமமாக அல்ல: சக்கரத்துக்குப் பின்னால் கனமாக, கதவின் கீழ்ப்பாதியில் பின்னோக்கிச் சாய்ந்த தெறிப்பாக, பின்கண்ணாடியில் மெல்லிய படலமாக. முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த இரண்டு வில் மட்டும் சுத்தம். அந்த இரண்டு வில்லையும் காகிதத்தில் வெட்டி ஒட்டி மறைத்துக்கொண்டுதான் தூசி ஏற்றினேன். பார்க்கிறவர்கள் முதலில் விரல் வைப்பது அந்த இடத்தில்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். என்ஜின் இல்லாத கிட்டாக ஒன்று வாங்குங்கள். ஜப்பானிய 1/24 கிட்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். முதல் வண்டியில் சக்கரம், உயரம், பெயின்ட் இந்த மூன்றை மட்டும் மாற்றுங்கள். அகலப் பட்டை, ராலி விளக்கு, சேறு எல்லாம் அடுத்த வண்டிக்கு. கையில் ஒரு வெர்னியர் (மி.மீ.யின் சிறு பங்கையும் அளக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. சைனாவிலிருந்து வருகிற பிளாஸ்டிக் வெர்னியரே போதும்.

இந்தப் பதிலை எழுதும்போது மேசையில் ஒரு இசட்ஜி பாடி இருக்கிறது. மெரூன் நிறம், மூன்று மெல்லிய கோட்டு முடிந்தது, கதவுக் கோடுகள் நன்றாகத் தெரிகின்றன. தூசி விழாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெளியே மழை விட்டபாடில்லை. கிளியர் கோட் தை மாதத்தில்தான்.