'பங்களா பிடிச்சிட்டுப் போயிடுவான்': பிள்ளைகளின் பயமும் படப் புத்தகங்களும்

கோலாலம்பூர் வட்டாரப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். தலைப்பில் உள்ள 'பங்களா', வங்காளதேசத் தொழிலாளர்களை இங்கே பேச்சுவழக்கில் குறிக்கும் சொல்.

செந்தூல்: டீச்சர், என் மகனுக்கு நாலு வயசு. இனம், நிறமெல்லாம் இப்பவே புரியுமா?

புரியும். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டினார்கள். நாம் வாயே திறக்காவிட்டாலும் பிள்ளை சுற்றிலும் பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்: மகள் தன்னை வரையும்போது இளஞ்சிவப்புப் பென்சிலைத்தான் எடுக்கிறாள். அதுதான் 'தோல் கலராம்'.

பழுப்பில் நாலைந்து வகைப் பென்சில் வாங்கி, கையோடு வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு அவளுடைய புத்தகங்களைப் புரட்டுங்கள். அவளைப் போன்ற பிள்ளை எதிலாவது இருக்கிறதா? இருந்தால், அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? கேலிக்கு ஆளாகி அழுகிற கதைகளாகவே வாங்கிக் குவிக்காதீர்கள். அமெரிக்க ஓவியரும் எழுத்தாளருமான எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் 'தி ஸ்னோயி டே' (The Snowy Day) என்ற படப் புத்தகம் செய்தார். பனி பெய்த நாளில் ஒரு கறுப்பினச் சிறுவன் சிவப்பு உடையில் வெளியே போய் விளையாடுகிறான், அவ்வளவுதான் கதை. அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதற்கு மறு வருடம், அமெரிக்காவில் படப் புத்தகங்களுக்குத் தரப்படும் கால்டெகாட் விருது கிடைத்தது. சும்மா சந்தோஷமாக இருக்கிற அந்தப் பிள்ளையைத்தான் உங்கள் மகள் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: 'கொஞ்சம் கலர் கம்மி' என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடச் சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். எந்தப் புத்தகமும் அதை ஈடுகட்டாது.

கெப்போங்: 'சாப்பிடலன்னா பங்களா பிடிச்சிட்டுப் போயிடுவான்' என்று என் மாமியார் சொல்லிச் சொல்லி, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரரைக் கண்டாலே மகன் அலறுகிறான்.

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. இதே நாட்டில் 'அழுதால் இந்தியன் பிடித்துக்கொண்டு போவான்' என்று மற்ற வீடுகளில் நம்மைக் காட்டிப் பிள்ளைகளை அடக்கியிருக்கிறார்கள். மின்தூக்கியில் நம்மைப் பார்த்ததும் ஒரு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதை நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

மாமியாரைப் பிள்ளை எதிரில் கண்டிக்க வேண்டாம். தனியாகப் பேசுங்கள். அவரையே கதை சொல்லவும் விடுங்கள். கட்டடம் கட்டுபவர், தெரு கூட்டுபவர் வருகிற புத்தகமாகப் பார்த்து எடுங்கள். படத்தில் நிறுத்தி, 'இவர் என்ன வேலை செய்றாரு? மத்தியானம் எங்க சாப்பிடுவாரு? இவருக்கும் உன்ன மாதிரி பிள்ளை இருக்குமா?' என்று கேட்கட்டும். பயந்த பிள்ளையிடம் 'பயப்படாதே' என்றால் எடுபடாது. அந்த மனிதரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தால் பயம் தானாகக் குறையும். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

செராஸ்: கதை முடிந்ததும் நீதியைக் கேட்க வேண்டுமா?

வேண்டாம். கேட்டால் பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லப் பழகிவிடும்.

அம்பாங்: பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளை எங்கள் நாயைக் கண்டால் ஒதுங்குகிறான். 'அவங்களுக்கு நம்மளப் பிடிக்காது' என்கிறான் என் மகன்.

இங்கே புத்தகத்துக்கு முன் விளக்கம் தேவை. மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில், நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். அந்தப் பிள்ளை ஒதுங்குவது வெறுப்பால் அல்ல என்று சொல்லுங்கள். நாயைக் கட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டு, இருவரையும் ஒரே புத்தகத்தோடு உட்கார வையுங்கள்.

பத்துமலை: பேய், இருட்டு வருகிற படங்களை ஒளித்து வைக்கலாமா?

ஒளிக்காதீர்கள். பகலில் படியுங்கள், பக்கத்தைப் பிள்ளையே திருப்பட்டும். வேண்டாமென்றால் உடனே மூடிவிடலாம் என்று தெரிந்தாலே பாதி தைரியம் வந்துவிடும். ஆனால் அரக்கன் எப்போதும் கறுப்பாகவே வரையப்பட்டிருந்தால், கண்ணனும் கார்மேக நிறந்தான் என்று அப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.

செந்தூல்: தமிழில் இப்படிப்பட்ட புத்தகம் எங்கே கிடைக்கும்?

சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழ்ப் படப் புத்தகங்கள் போடுகிறது, இருமொழிப் புத்தகங்களும் உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்செடுக்கவும் செய்யலாம். நூலகத்தில் நல்ல மலாய்ப் புத்தகம் கண்ணில் பட்டால் அதையும் எடுத்து வாருங்கள். படத்தைக் காட்டி நீங்களே தமிழில் சொன்னால் போதும்.