'பிந்து' ஓவியப் பிரதி வாங்கலாமா?

கேள்வி: நடுவில் கரிய வட்டமும் சுற்றிலும் முக்கோணங்களும் கொண்ட எஸ்.எச். ரஸாவின் 'பிந்து' (புள்ளி) ஓவியப் பிரதி ஒன்றை, இணையத்தில் ஒரு விற்பனையாளர் 45,000 ரூபாய் விலை சொல்கிறார். 2019-இல் கான்வாஸில் அச்சிட்ட 'லிமிடெட் எடிஷன்' என்றும், ஓவியரே பென்சிலால் கையொப்பமிட்டது என்றும், சான்றிதழ் உண்டு என்றும் கூறுகிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ரஸா 2016 ஜூலையில் காலமாகிவிட்டார். 2019-இல் அச்சான பிரதியில் அவர் பென்சில் பிடித்திருக்க முடியாது என்பதால், அந்தச் சான்றிதழை அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓவியர் உயிரோடிருந்தபோது வெளியான, எண்ணும் கையொப்பமும் இட்ட செரிகிராஃப் பிரதி வேறு. கணினி அச்சு வேறு. செரிகிராஃபில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனித் திரை வழியாகப் பூசப்படுவதால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சிவப்பு ஒரே பூச்சாகத் தெரியும். கணினி அச்சிலோ அதே சிவப்பு, இளஞ்சிவப்பும் மஞ்சளுமான நுண்புள்ளிகளாகப் பிரிந்துவிடும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய ஐந்தையும் பஞ்சபூதங்களோடு இணைத்துப் பரந்த பரப்புகளாகத் தீட்டியவர் ரஸா. ஆகவே அவர் படத்தில் இந்தச் சோதனை எளிது. (பள்ளியில் ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே உற்றுப் பார்க்கச் சொன்னதாக அவர் நினைவுகூர்ந்ததுண்டு; வாங்குபவருக்கும் அதே பாடந்தான்.)

சான்றிதழை விற்பவரே எழுதித் தந்திருந்தால், அதற்கு அவர் வாய்ச்சொல்லுக்குள்ள மதிப்புதான். 2009-இல் டெல்லியில் தம் பெயரிலான கண்காட்சியைத் திறக்கச் சென்ற ரஸாவே, அங்கு மாட்டியிருந்தவற்றில் பல போலி என்று கண்டார். எனவே முந்தைய உரிமையாளர்களின் ரசீதுகளைக் கேளுங்கள். புதிய அச்சு என்றால், பதிப்புரிமை 2076 முடிய நீடிப்பதால், அந்தப் பதிப்புரிமை உடையவரின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். வீட்டுச் சுவருக்கு அழகாக இருந்தால் போதும் என்பீர்களானால், அனுமதி பெற்ற அச்சைச் சாதாரண அச்சுக்குரிய விலைக்கு வாங்குவதில் தவறில்லை. 45,000 ரூபாய் அந்த விலையன்று.

ஏற்கெனவே பணம் செலுத்தியிருந்தால், விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீரவில்லையெனில், விற்பவர் எந்த ஊரிலிருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்கள் வழக்குத் தொடரலாம்; இத்தொகைக்குக் கட்டணமும் இல்லை.