645 விதமாக ஓடும் ஒரு சொல்

வணக்கம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கட்டுரைகள் வாசித்துவருகிறேன். 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்ற வரியை, அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள் என்று படித்துவிட்டு, அடுத்த இரண்டு பத்திகளும் புரியாமல் விழித்தேன். அகராதியில் 'ரன்' பக்கக்கணக்கில் நீள்கிறது. அத்தனையும் மனப்பாடம் செய்தாக வேண்டுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம், அது ஆகிற காரியமும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத, அதன் தொகுப்பாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. கடைசியில் அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645.

நீங்கள் தடுக்கி விழுந்த இடம் வேறு. நம்மிடம் ஓடு, ஓட்டு என்று இரண்டு இருக்கின்றன. தானே ஓடினால் ஒன்று, இன்னொன்றை ஓடவைத்தால் மற்றது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொற்கள் தனித்தனியாக இருந்து, போகப்போக ஒன்றோடொன்று கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அதற்கு அடுத்து எது நிற்கிறது என்று பாருங்கள். 'ரன்ஸ் டு எ ஸ்கூல்' என்றிருந்தால் ஓட்டம்தான். நடுவில் 'டு' இல்லாமல் பள்ளியே வந்து ஒட்டிக்கொண்டால் அவள் அதை ஓட்டுகிறாள், அதாவது நடத்துகிறாள். (அவர்கள் ஓட்டுவதை நாம் நடக்கவைக்கிறோம், கவனித்தீர்களா?) கம்ப்யூட்டரில் புரோகிராமை 'ரன்' செய்வதும் இந்த ஓட்டுகிற வகைதான்.

நம் 'ஓடு' மட்டும் சும்மாவா இருக்கிறது? கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, குழப்பத்தில் ஒன்றுமே ஓடவில்லை. இதையெல்லாம் நாம் பட்டியல் போட்டா படித்தோம்? சிக்கல் என்னவென்றால் இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் சேர்ந்து ஓடுவதில்லை. மூக்கு அவர்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். துணியின் சாயம் அவர்களுக்கு ஓடும், நமக்குப் போகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார். பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே நிற்கிறார்.

உண்மையான தொல்லை வால் முளைத்தவற்றில்தான். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. 'ரன் இன்டு' என்றால் ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது, சுவரில் போய் மோதுவதும் அதுதான். இவற்றில் ஓட்டத்தைத் தேடாமல் தனிச்சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள், எழுதிவைத்தால் முழு வரியோடு எழுதிவையுங்கள். ஏனென்றால் 'ரன் டவுன்' வந்தால், ஆளை வண்டியால் அடித்துத் தள்ளினார்களா, வாயால் மட்டம் தட்டினார்களா என்பது அந்த வரியில் வண்டி இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.